பங்கீடும் பொருத்தமும்

'கம்ப்யூட்டர்' என்னும் சொல் இன்று ஓர் இயந்திரத்தின் பெயர். ஆனால் அவ்வியந்திரம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே அச்சொல் வழக்கில் இருந்தது. அன்று அது மனிதர்களைக் குறித்தது. கணக்கிடுவதையே தொழிலாகக் கொண்ட எழுத்தர்களுக்கு அது பதவிப் பெயர். 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கப்பெற்ற நில அளவைப் பணி, பின்னாளில் 'பெரிய முக்கோண அளவை' எனப் பெயர்பெற்று இமயம் வரை சென்றது. அத்துறையில் 1831ஆம் ஆண்டு கம்ப்யூட்டராகப் பணியேற்றவர் இராதாநாத் சிக்தர் என்னும் வங்காள இளைஞர். பின்னர்த் தலைமைக் கம்ப்யூட்டராக உயர்ந்த அவர், ஏடுகளில் 'பதினைந்தாம் சிகரம்' என்று மட்டுமே குறிக்கப்பட்டிருந்த மலையின் உயரத்தைக் கணித்தார். 1856இல் அவ்வுயரம் 29,002 அடி என அறிவிக்கப்பட்டது. சிகரத்திற்குச் சூட்டப்பட்டதோ எவரெஸ்ட் என்னும் அதிகாரியின் பெயர்!

மத்திய அரசு அலுவலகமொன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோப்புகளோடு வாழ்ந்துவரும் எனக்கு இச்செய்தியை அறிந்தபோது உண்டான மகிழ்ச்சி சிறிதன்று. கம்ப்யூட்டர் நம் இனத்தான் அல்லவா என்று ஓர் உறவு தோன்றிவிட்டது. இச்செய்தியைச் சொன்னவள் என் மகள். இங்கே புனேயில் பொறியியல் கல்லூரியில் இறுதியாண்டு பயில்கிறாள். அவள் எடுத்துக்கொண்டிருக்கும் ஆய்வுப்பணி இதுதான்: ஒரு பெரிய கணக்கைப் பல துண்டுகளாகப் பிரித்து, பல செயலிகளைக் கொண்ட தனிவகை இயந்திரம் ஒன்றில், எந்தத் துண்டை எந்தச் செயலியில் வைத்தால் வேலை விரைவில் முடியும்? "அப்பா, இது உங்க ஆபீஸ்ல தினமும் நடக்கிறதுதான்" என்றாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்றெண்ணினேன். கேட்கக் கேட்க, அலுவலகத்தோடு மட்டுமன்றி, நம்மைப் போல் ஊர்விட்டு ஊர்வந்து வாழும் குடும்பங்களோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்று தெரிந்தது. பி.ஏ. படித்த எழுத்தனுக்கு விளங்கிய அளவில் அதனை இம்மலரில் எழுத முற்படுகிறேன்.

பல பேரைக் கொண்டு ஒரே கணக்கைப் போடலாம் என்னும் எண்ணம் மின்னணு இயந்திரங்களுக்கு முற்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ரிச்சர்ட்சன் என்னும் அறிஞர் 1922இல் வெளியிட்ட நூலில், வானிலையைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்லும் வழியை ஆராய்ந்தார். முதல் உலகப்போரில் பிரான்சு நாட்டுப் போர்முனையில் காயம்பட்டோரை ஏற்றும் வண்டிப்படையில் தொண்டாற்றிக்கொண்டே இக்கணக்கில் ஈடுபட்டவர் அவர். ஆறு மணி நேர வானிலை மாற்றத்தைத் தம் கையால் கணக்கிட அவருக்கு ஆறு வாரங்கள் பிடித்தன, விடையும் பிழைபட்டது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. உலக உருண்டையின் உட்புறம் போன்ற மாபெரும் அரங்கில் 64,000 கணக்கர்கள் அமர்ந்து, ஒவ்வொருவரும் தத்தம் நிலப்பகுதிக்குரிய கணக்கை மட்டும் போடுவதாகக் கற்பனை செய்தார். அரங்கின் நடுவே உயர்ந்த மேடையில் ஒரு தலைவர். முந்திச் செல்வோர் மீது ஒரு நிற ஒளியையும், பிந்தி நிற்போர் மீது வேறு நிற ஒளியையும் பாய்ச்சி, எல்லோரையும் ஒரே நடையில் கொண்டுசெல்வது அவர் கடமை. பிரிவு அலுவலரைப் பார்த்துப் பழகிய எவருக்கும் அக்காட்சி புதிதன்று.

அக்கற்பனை நனவாகப் பல்லாண்டுகள் ஆயின. நம் நாட்டில் அது நனவானதில் இப்புனே நகருக்குத் தனிப் பங்குண்டு. 1980களில் அதிவேகக் கணிப்பொறிகளை வெளிநாட்டில் வாங்குவதற்குப் பல தடைகள் இருந்தன. எனவே நாமே உருவாக்குவோம் என 1988இல் இங்கே 'சி-டாக்' என்னும் அரசு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. விஜய் பட்கர் என்னும் அறிஞரின் தலைமையில் 1991இல் 'பரம் 8000' உருவாயிற்று. ஒற்றைப் பேராற்றல் செயலியை நம்பாமல், பல சிறு செயலிகளைக் கோத்துச் செய்த இயந்திரம் அது. இங்கிலாந்தின் இன்மாஸ் நிறுவனம் செய்த 'டிரான்ஸ்பியூட்டர்' என்னும் சில்லுகளே அச்செயலிகள்.

டிரான்ஸ்பியூட்டருக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒவ்வொன்றுக்கும் நான்கு இணைப்புகள். அவற்றின் வழியாக அண்டையில் உள்ள நான்கு செயலிகளோடு அது நேரே பேசலாம். தொலைவில் உள்ளதோடு பேச வேண்டுமாயின் செய்தி கைமாறிக் கைமாறித்தான் போய்ச் சேரும். அதற்கென வகுக்கப்பட்ட 'ஆக்கம்' என்னும் மொழியில், எந்த வேலை எந்தச் செயலியில் நடக்க வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே குறித்துக் காட்டலாம். நம் அலுவலகங்களில் 'பணி ஒதுக்கீட்டு ஆணை' என்று ஒன்று வருமே, அதைப் போன்றது.

இவ்வொதுக்கீட்டில் என்ன பெரிய நுட்பம் இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் அவ்வாறே கேட்டேன். மகள் ஒரு தாளில் சதுரம் வரைந்து காட்டினாள். ஒரு நிலப்பரப்பை நெடுக்கில் 1,000, குறுக்கில் 1,000 புள்ளிகளாகப் பிரித்துக்கொள்வோம். மொத்தம் 10 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் வெப்பத்தையும் கணக்கிட, அதன் நான்கு பக்கத்துப் புள்ளிகளின் வெப்பம் தெரிந்தாக வேண்டும். இதனை 100 செயலிகளுக்குப் பங்கிட வேண்டும். பாய் கிழித்தாற்போல் நீளப் பட்டைகளாகப் பிரித்தால், ஒவ்வொருவர் பங்கும் 10 வரிசை, வரிசைக்கு 1,000 புள்ளி, ஆக 10,000. வயல் பாத்தி போலச் சதுரங்களாகப் பிரித்தாலும் 100க்கு 100 என அதே 10,000தான். பங்கு சமம், வேலையும் சமம். ஆனால் எல்லையைப் பாருங்கள். பட்டைக்காரன் ஒவ்வொரு சுற்றிலும் இரு பக்கத்தாரிடமிருந்து 2,000 எண்களைக் கேட்டுப் பெற வேண்டும். பாத்திக்காரனுக்கு நான்கு பக்கத்திலும் சேர்த்து 400 போதும். வேலையைச் செய்யும் நேரத்தைக் காட்டிலும் ஒருவரை ஒருவர் கேட்டுக் காத்திருக்கும் நேரமே மிகுதியாகிவிடும் இடங்களில், இந்த ஐந்து மடங்கு வேற்றுமை பெரிதல்லவா? மேலும், நான்கு அண்டைக்காரர்கள் உள்ள பாத்திக்கு நான்கு இணைப்புகள் உள்ள டிரான்ஸ்பியூட்டர் அளவெடுத்துத் தைத்த சட்டை போல் பொருந்துகிறது. ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் பேசியாக வேண்டிய வேறொரு கணக்கை அதே இயந்திரத்தில் ஏற்றினால் பொருத்தம் கெடும். வேலையின் வடிவமும் இயந்திரத்தின் வடிவமும் ஒத்திருப்பதே திறம்.

லாகூரில் பணியாற்றிய ஷாஹித் பொகாரி என்னும் அறிஞர் 1981இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இத்துறையில் முதன்மையானதாகப் போற்றப்படுகிறது. ஒன்றோடொன்று பேச வேண்டிய வேலைகள் அடுத்தடுத்த செயலிகளிலேயே அமையும்படி செய்வது எப்படி என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. எல்லா வகையிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டால் ஆயிற்றே என்று தோன்றும். 16 வேலைகளை 16 செயலிகளில் அமர்த்தும் வகைகள் மட்டும் 20 லட்சம் கோடிக்கு மேல்! எனவே ஓரளவு நல்ல அமைப்பைத் தேடி அமைவதே அறிஞர்கள் செய்வது. மிகச்சிறந்தது எது என்று தேடிக்கொண்டிருந்தால் வேலை தொடங்காது.

2016ஆம் ஆண்டு எங்கள் பிரிவில் நடந்த ஒன்று இவ்விடத்தில் நினைவுக்கு வந்தது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அனைவருக்கும் புதிய ஊதியம் நிர்ணயித்து, நிலுவைத்தொகையையும் கணக்கிட வேண்டியிருந்தது. பணிப்பதிவேடுகள் 420; எழுத்தர்கள் ஆறு பேர். ஆளுக்கு எழுபது என்று ஒதுக்கினார் எங்கள் பிரிவு அலுவலர். ஐயத்திற்கு இடமில்லாத சமப் பங்கு. ஆனால் ஒருவர் கட்டில் இருந்தவையெல்லாம் புதிதாகச் சேர்ந்தோரின் மெல்லிய ஏடுகள். மற்றொருவர் கட்டிலோ பதவி உயர்வு, அயற்பணி, ஊதியமில்லா விடுப்பு என முப்பதாண்டு வரலாறுகள். முன்னவர் நான்காம் நாளே தேநீர்க் கடையில் காணப்பட்டார். பின்னவர் இரவு எட்டு மணிக்கும் தலை நிமிரவில்லை. பிரிவு அலுவலர் அனுபவசாலி. மீதி ஏடுகளையெல்லாம் நடுமேசையில் அடுக்கச் சொன்னார். ஒன்றை முடித்தவர் அடுத்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். அன்றே வேலை சீர்பட்டது. என் மகளின் பாடப்புத்தகத்தில் இதற்குத் தனி இயலே இருக்கிறது. முன்கூட்டியே பங்கிடுவது ஒரு முறை. ஓடஓடப் பங்கிடுவது மற்றொரு முறை. இரண்டாவதில் ஆள் சும்மா இரான்; ஆனால் நடுமேசையைச் சுற்றி நெரிசல் உண்டாகும். அதையும் நாங்கள் கண்டோம்.

இவ்வளவு செய்தும் வேலை குறித்த நாளில் முடியவில்லை. காரணம் எளிது. ஆறு பேரும் முடித்த கணக்குகள் யாவும் ஒரே ஒரு கணக்கு அதிகாரியின் கையெழுத்துக்காக அவர் மேசையில் குவிந்தன. அறுபது எழுத்தர்களை அமர்த்தியிருந்தாலும் அக்குவியல்தான் உயர்ந்திருக்கும், கையெழுத்து விரைந்திராது. இதனை ஜீன் அம்டால் என்னும் அமெரிக்கப் பொறியாளர் 1967இலேயே எடுத்துரைத்தார். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாதது என்று வைத்துக்கொள்வோம். 10 செயலிகளைப் போட்டால் வேகம் ஐந்து மடங்கை அடுத்து நிற்கும். 100 போட்டால் ஒன்பது மடங்கு. ஆயிரம் போட்டாலும் பத்து மடங்கைத் தொடாது. ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். வடம் பிடிக்க ஆயிரம் கைகள் உண்டு. ஆனால் தெருமுனையில் தேரைத் திருப்பும்போது, சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் இரண்டொருவர்தாம். அவர்கள் கையில் இருக்கிறது தேரின் வேகம்.

2004, 2005ஆம் ஆண்டுகளை ஒட்டி, ஒற்றைச் செயலியின் வேகத்தை மேலும் மேலும் கூட்டுவது கைகூடாமற் போயிற்று. வேகம் கூடக் கூடச் சில்லு கொதிப்பேறியது. எனவே ஒரு சில்லுக்குள்ளேயே பல செயலிகளை வைக்கத் தொடங்கினர். இன்று நம் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியிலேயே எட்டுச் செயலிகள் இருப்பது வழக்கமாகிவிட்டது. அவற்றிலும் சில வலியவை, சில மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுபவை. கூகுள் நிறுவனம் 2016இல் அறிவித்த தனிவகைச் சில்லில் 256 வரிசையாக, வரிசைக்கு 256 பெருக்கிகள், மொத்தம் 65,536. கட்டுமான இடத்தில் சித்தாள்கள் வரிசையாய் நின்று செங்கல்லைக் கைமாற்றுவது போல, எண்கள் ஒரு பெருக்கியிலிருந்து அடுத்ததற்கு ஒரே தாளத்தில் நகர்கின்றன. பெரிய எண்கட்டங்களைப் பெருக்க அதற்கு நிகர் அரிது. கோப்பில் குறிப்பு எழுதுவது போன்ற, இடத்துக்கு இடம் மாறும் வேலைக்கு அது பயன்படாது. இதே புனேயில், வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 2024 செப்டம்பரில் 'அர்க்கா' என்னும் அதிவேகக் கணிப்பொறி தொடங்கிவைக்கப்பட்டது. அதன் ஆற்றல் 11.77 பெட்டாஃப்ளாப்ஸ், ஒரு பெட்டா என்பது பத்துக் கோடி கோடி. ரிச்சர்ட்சனின் 64,000 பேர் அரங்கம் நம் வீட்டருகே, அவர் கனவிலும் காணாத அளவில், எழுந்து நிற்கிறது. அங்கும் கேள்வி அதுவேதான்: எதை எங்கே வைப்பது?

திருக்குறளில் 'தெரிந்து வினையாடல்' என்றோர் அதிகாரம் உண்டு. வேலையையும் ஆளையும் ஆராய்ந்து பொருத்துவதே அதன் பொருள். ஆளுக்குச் சமமாக வெட்டிக் கொடுப்பதை வள்ளுவர் அங்கே பேசவில்லை என்பது என் மகளின் பாடத்தைக் கேட்ட பின்புதான் எனக்கு உறைத்தது.

இனி, நம்மைப் போன்றோரின் இல்லங்களுக்கு வருகிறேன். என் அன்னையார் மன்னார்குடிக்கு அருகே எங்கள் சிற்றூரில் இருக்கிறார். 2019இல் தந்தையார் மறைந்தார். நாங்கள் நால்வர்: அண்ணன் சென்னையில், அக்காள் தஞ்சாவூரில், நான் புனேயில், தம்பி பெங்களூரில். 2022இல் அன்னையார் கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் நால்வரும் கூடிப் பேசியபோது, ஆளுக்கு மூன்று மாதம் என அண்ணன் ஒரு முறை வகுத்தார். ஆண்டுக்கு 12 மாதம், பிள்ளைகள் நால்வர். கணக்கில் ஒரு குறையும் இல்லை. அன்னையாரும் தலையசைத்தார். ஓராண்டு அவ்வாறே நடந்தது.

ஒவ்வோர் இடமாற்றத்திலும் புதிய மருத்துவர், புதிய மருந்துச் சீட்டு, புதிய கட்டில், புதிய குளியலறை. புனேயில் எங்கள் குடியிருப்பு மூன்றாம் மாடி. பக்கத்து வீட்டார் மராட்டியர், மிக நல்லவர்கள். நாள்தோறும் வந்து அன்னையாரைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். அவ்வளவே. ஒருநாள் மாலை, "இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. பேசத்தான் ஆளில்லை" என்றார். அதில் குறைகூறும் குரல் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

கணிப்பொறித் துறையில் ஒரு நெறி உண்டு என்று மகள் சொன்னாள். நகர்த்த வேண்டிய தரவு பெரிது, செய்ய வேண்டிய வேலை சிறிது என்றால், தரவை வேலையிடம் கொண்டுவராதே. வேலையைத் தரவிடம் அனுப்பு. அவள் தன் ஆய்வைப் பற்றித்தான் சொன்னாள். பாட்டியைப் பற்றி எண்ணிச் சொன்னாளா என்று நான் கேட்கவில்லை. ஆனால் எழுபத்தெட்டு ஆண்டு வாழ்க்கை, அத்தெரு, அக்கோயில், பால்காரர் முதல் பூக்காரம்மாள் வரை அவரை அறிந்த மனிதர்கள் எல்லாம் சேர்ந்த ஒன்றை நாங்கள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை இரயிலில் ஏற்றிக்கொண்டிருந்தோம் என்பது விளங்கியது.

மறுபடி கூடிப் பேசினோம். அன்னையார் ஊரிலேயே இருப்பது என முடிவாயிற்று. இம்முறை மாதங்களைப் பங்கிடவில்லை, வேலைகளைப் பங்கிட்டோம். மருத்துவமனை தஞ்சாவூரில் இருப்பதால் அது அக்காள் பொறுப்பு. உடனிருக்கும் பெண்ணின் சம்பளம் அண்ணன் பொறுப்பு. குடும்ப ஓய்வூதியம், வங்கி, காப்பீடு எனத் தாள்வேலை யாவும் என்னுடையவை. எழுத்தனுக்கு ஏற்ற வேலை. இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அரைமணி நேரம் கதை பேசுவது தம்பியின் வேலை. அன்னையாரைச் சிரிக்கவைக்க அவனால்தான் முடியும். பங்குகள் சமமல்ல, அக்காளின் பங்கு மிகுதி. அதனை அனைவரும் அறிவோம், அவரும் அறிவார். ஆயினும் முன்னைவிடச் செம்மையாக நடக்கிறது.

இத்தனைக்கும் பின்னால் அம்டால் சொன்ன பிரிக்கவொண்ணாப் பகுதி ஒன்று எஞ்சி நிற்கிறது. இரவில் விழிப்பு வந்து, "யாரு அங்கே?" என்று அவர் கேட்கும்போது, அடுத்த அறையிலிருந்து தாம் பெற்ற பிள்ளையின் குரல் பதில் சொல்வது. அதனை நான்காகப் பிரித்து நான்கு ஊர்களில் வைக்க இயலாது. பணமோ தொலைபேசியோ அதற்கு ஈடாகா. ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.

திருச்சியில் உள்ள எங்கள் துறை அலுவலகத்திற்கு மாறுதல் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். மகளின் படிப்பு இவ்வாண்டோடு முடிகிறது. மனைவி இங்கே பள்ளியில் ஆசிரியை; அவருக்கு இன்னும் ஆறாண்டுப் பணி இருக்கிறது. "நீங்க முதல்ல போங்க, நான் பிறகு பார்த்துக்கறேன்" என்றார். அதனால் எங்கள் இருவருக்கும் நேரும் பிரிவு எளிதன்று. அதன் விலையை யாரும் ஏட்டில் எழுதிவைக்கப் போவதில்லை. இருபது ஆண்டுகளாக மாலை வேளைகளில் நான் வந்து அமரும் இச்சங்கத்து நூலகத்தையும் விட்டுச் செல்ல வேண்டும். ஆணை இன்னும் வரவில்லை.

நம் சங்கத்து அன்பர்களில் பெரும்பாலோர்க்கு ஊரில் ஒரு தாயோ தந்தையோ இருப்பர். உடன்பிறந்தோர் பல நகரங்களில் இருப்பர். இம்மலரைப் படித்து முடித்ததும், தாளொன்றில் மாதங்களின் பெயரை எழுதாமல் வேலைகளின் பெயரை எழுதிப் பாருங்கள். எவை பிரிக்கத் தக்கவை, யாருக்கு எது பொருந்தும் என்று உடன்பிறந்தாரோடு பேசுங்கள். பிரிக்க முடியாதது எது என்பதையும் மறவாமல் எழுதுங்கள். சென்ற வாரம் அக்காள் தொலைபேசியில் பேசினார். ஆணை வருமுன்பே, மாடியறைக்கு வெள்ளையடிக்க அம்மா ஆள் சொல்லிவிட்டாராம்.